மூன்று லிட்டர் சோதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பூவனலிங்கம் வாத்தியாருக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பெட்ரோல் விலை. கோவில்பட்டியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற மனிதர். பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவான 2001ஆம் வருஷம், பெட்ரோலா டீசலா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். பெட்ரோல் கார் மலிவு, ஆனால் ஓட்ட ஓட்டச் செலவு. டீசல் கார் வாங்கும்போது வலிக்கும், ஓட ஓட மிச்சம். கரும்பலகையில் எழுதிப் பார்த்ததைப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் என்று நினைத்து நோட்டில் எடுத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. கடைசியில் டீசல்தான் ஜெயித்தது.

அவர் மனைவி உமாதேவி அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "டீசல் வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா டீசல் தீர மட்டும் விட்ராதீங்க. எங்கய்யா கிணத்து இன்ஜின்ல தீந்துட்டுன்னா உள்ள காத்து பூந்துக்கிடும். அத எடுக்காம அது ஓடவே ஓடாது."

"அது கிணத்து இன்ஜின். இது காரு, ஏட்டி" என்று சொல்லிவிட்டார். பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் கேட்பது கொஞ்சம் கஷ்டம்.

கார் வந்தது. சந்தேகமும் கூடவே வந்தது. லிட்டருக்குப் பதினைந்து கிடைக்கும் என்று தரகர் அடித்துச் சொன்னது நிஜம்தானா? கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தன் பழைய மொபெட்டில் அளந்து ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றுவார். நிற்கிற வரைக்கும் ஓட்டுவார். நின்ற இடத்தில் பாட்டிலில் இருக்கிற பெட்ரோலை ஊற்றி உதைத்தால் புறப்பட்டுவிடும். ஓடிய தூரம்தான் மைலேஜ். அதே முறையைக் காருக்கும் வைத்தார். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் டேங்கைக் காலி செய்து, மிகச் சரியாக மூன்று லிட்டர் டீசல் ஊற்றினார். நின்றால் ஊற்ற ஐந்து லிட்டர் கேன் டிக்கியில். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் இருவரும் கடம்பூரைத் தாண்டி, அவள் பங்குக்கு வந்த காட்டைப் பார்க்கப் போனார்கள். முப்பது கிலோமீட்டர். பருத்தி எடுத்து முடிந்து, பிடுங்கிய பருத்திமார் வரப்போரம் குவிந்து கிடந்தது. அடுப்புக்கு ஆகுமே என்று உமாதேவி ஒரு கத்தையை இழுத்தாள். கையை உதறினாள்.

"என்னமோ கடிச்சிட்டுங்க."

அவர் ஓடிவந்தபோது, படம் எடுத்த நல்லபாம்பு தலையைத் தாழ்த்திக் கரிசல் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வால் மறைகிற வரைக்கும் அவரால் அசைய முடியவில்லை.

துண்டை அவள் கழுத்தில் தொட்டிலாகக் கட்டி, கடிபட்ட கையை அசையாமல் போட்டு, பின்சீட்டில் படுக்க வைத்துக் காரைக் கிளப்பினார். மைலேஜ், மூன்று லிட்டர், கேன் எல்லாம் அவர் நினைவிலிருந்து துடைத்துப்போட்ட மாதிரி போய்விட்டன. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரி ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

கடம்பூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் கார் இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

முப்பத்தேழு கிலோமீட்டர், மூன்று லிட்டர். மனசு தானாக வகுத்தது: பன்னிரண்டு சொச்சம். அந்த நேரத்திலும் வகுத்த மனசைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் கேன் இருக்கிறதே! ஓடிப்போய் ஐந்து லிட்டரையும் ஊற்றினார். சாவியைத் திருகினார். கர்ர் கர்ர் என்றது. மறுபடி திருகினார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் சத்தம் இளைத்தது.

"டீசல் தீந்துட்டா?" பின்சீட்டிலிருந்து அவள் குரல்.

"தீந்துட்டு. இப்ப ஊத்திட்டேன். ஆனா கெளம்ப மாட்டேங்குது, உமா."

அவள் திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. "செல்ப் அடிக்காதீங்க. பேட்டரி செத்துரும். காத்து எடுக்கணும்."

சாலையில் ஒரு ஈ காக்கா இல்லை. இரண்டு பக்கமும் கறுத்த வெறுங்காடு. பஸ் சாயங்காலம் ஐந்து மணிக்கு. கடம்பூருக்கு ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தார்.

"என்ன விட்டுட்டுப் போவாதீங்க" என்றாள். பேச்சு கொழகொழவென்று வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இமைகள் பாதி சரிந்துவிட்டன. நல்ல கையின் விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் புரிந்துபோனது. இன்ஜினுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது இந்தக் காட்டில் ஒரு வாய்க்குத்தான் தெரியும். அந்த வாய் மூடிக்கொண்டே வருகிறது.

"சொல்லுட்டி, சீக்கிரம் சொல்லு!"

"டீசல் குழாய் போவுதுல்லா... அதப் புடிச்சுப் பாருங்க. குண்டா ஒரு டப்பா... பில்டர். அது தலையில போல்ட்டு."

பானட்டைத் தூக்கினார். எல்லாம் கறுப்பாக, எல்லாம் குழாயாகத் தெரிந்தது. "இருக்கு! இருக்கு!"

"லேசா... தளத்துங்க. கழத்திராதீங்க. கீழ... கையால அமுக்குத பம்பு... அமுக்குங்க."

டிக்கியிலிருந்து எடுத்த ஸ்பேனர் இரண்டு தடவை நழுவி விரலைக் கிழித்தது. போல்ட்டைத் தளர்த்தி, குமிழ் மாதிரி இருந்த பம்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். போல்ட்டோரம் நுரை புசுபுசுவென்று வந்தது. "நுரை வருது, உமா!"

"நுரை... காத்து. நிக்க வர..." அவ்வளவுதான் காதில் விழுந்தது.

"நிக்க வர அமுக்கணுமா? உமா? ஏட்டி!"

ஓடிவந்து எட்டிப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பிடித்திருந்த கை சீட்டில் விழுந்துகிடந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் மேலாக, சின்னதாக. அவர் அழுதுகொண்டே திரும்ப ஓடினார். அமுக்கினார். எண்ணவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எதையும் எண்ணாமல் அமுக்கினார். நுரை சிறுத்தது. கொப்புளமானது. பிறகு கொப்புளமும் இல்லாமல் டீசல் மட்டும் வழிந்தது. போல்ட்டை இறுக்கினார்.

சாவியில் கை வைக்கப் பயம். பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் உயிர் இருக்கும். திருகினார். கர்ர்... கர்ர்... ஒரு உதறல். கறும்புகை. கார் உறுமியது.

அங்கிருந்து கோவில்பட்டி வரைக்கும் ரோட்டை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் பின்னாலேயே ஓடினார்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் வாட்ச்மேன் வேல்சாமி வந்து நின்றார். "சார், ஒங்க வண்டி ஓடிக்கிட்டே கெடக்கு. அணைச்சுருங்க."

"அணைக்க மாட்டேன்" என்றார் வாத்தியார்.

"டீசல் வீணா போவுதே சார்?"

"போவட்டும். திருநெல்வேலிக்குக் கொண்டு போவச் சொன்னா என்ன செய்ய? அணைச்சா மறுபடி கெளம்பாது."

வேல்சாமி அவர் முகத்தைப் பார்த்தார். போகிற வழிக்கு இடைஞ்சல் என்று மட்டும் சொல்லி வண்டியை ஓரமாகத் தள்ளிப் போடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அது கடகடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. சொட்டுச் சொட்டாக டீசலை அளந்த மனிதர் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் இமைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றால் அவள் மூச்சும் நின்றுவிடும் என்று அவருக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. கணக்கு வாத்தியாருக்கு அடுக்காத பயம்தான். ஆனால் அதை அவரால் உதற முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் இடது இமை துடித்தது. பிறகு வலது. யாரும் தூக்கிவிடாமல் இரண்டும் மெல்லத் திறந்தன. அவர் அவள் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் காது கொடுத்தாள். உதடு அசைந்தது. அவர் குனிந்தார்.

"இன்னும்... ஓடுதா?"

"ஓடுது, உமா. நான் அணைக்கவே இல்ல."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அஞ்சு லிட்டர்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஓடிப்போயி அணைங்க. தீந்துட்டுன்னா... மறுபடியும் காத்து எடுக்கணும்."

வாத்தியார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.