அரைப்புள்ளிக்குப் பின்னால்

ஜேசன்தான் வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். நீளமான காலில்தான், அவனுடைய இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. ஜேசன் ஆள் இல்லை, மென்பொருளின் அமைப்புகளைக் கோப்பில் எழுதிவைக்கும் ஒரு முறை. அவனும் அக்காவும் எழுதிய மென்பொருள், ஏற்றத்தாழ்வான கால்களுக்கு ஷூவின் அடிப்பாகத்தைத் திரையில் வரைந்து தரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவாக ஒரு கோப்பு வடிவம் தேவைப்பட்டது.

“பழைய ஐ.என்.ஐ வடிவமே இருக்கட்டும்டா. திறந்து பார்த்தா மனுஷனுக்குப் புரியும்,” என்றாள் அக்கா.

“ஒவ்வொரு சிஸ்டமும் அதை ஒவ்வொரு விதமா படிக்குதுக்கா. உலகமே ஜேசனுக்குப் போயிடுச்சு.”

உலகம் போன இடத்துக்கு அவன் போகாமல் இருந்ததே இல்லை. கோப்பை மாற்றும் நிரலை எழுதி, அக்கா வாயைத் திறக்கும் முன்பே அத்தானின் கணினியில் ஏற்றியும் விட்டான். அத்தான் அக்காவின் கணவர், ஷூ செய்பவர். வாடிக்கையாளர்களின் கால் அளவுகள் புதிய கோப்புக்கு ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் அத்தான் போன் செய்தார். குரல் சரியில்லை.

“மாப்பிள்ளை, நான் எழுதினதெல்லாம் எங்கப்பா?”

“அளவெல்லாம் அப்படியே இருக்கே அத்தான்.”

“அளவு இருக்கு. ஏன் அந்த அளவுன்னு எழுதியிருந்தேனே, அது?”

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐ.என்.ஐ-யில் அரைப்புள்ளியோடு தொடங்கும் வரி மனிதருக்கான குறிப்பு. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். ஜேசனில் குறிப்புக்கு இடமே கிடையாது. அவன் நிரல் அத்தனை குறிப்பையும் குப்பையென்று தள்ளி, பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. மகாபுத்திசாலி நகல்கூட எடுக்கவில்லை. ஆறு வருட எழுத்து.

பட்டறைக்கு ஓடினான். அத்தான் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திரையில் ஒரு குழந்தையின் அளவைக் காட்டி, “இந்தப் பாப்பாவுக்குக் குதிகால் உயரம் ஏன் ஆறு மில்லின்னு இனி யாரைக் கேக்கறது?” என்று மட்டும் கேட்டார்.

பசை டின்களுக்கு நடுவே ஒரு பழைய லினக்ஸ் கணினி இருந்தது. வாரம் தவறாமல் அத்தான் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து அதிலும் போட்டுவைப்பார். ‘அதுல மட்டும் கை வைக்காதே’ என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் தம்பி அதைத் தொடவில்லை. கோப்பு அப்படியே இருந்தது, அரைப்புள்ளிகளோடு.

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அக்காவை அழைத்தான். “ஐ.என்.ஐ-யே வச்சுக்கலாம்க்கா. மூணு சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி படிக்க நானே எழுதறேன். குறிப்பு ஒரு எழுத்துகூட அசையாது.”

மதியத்துக்குள் எழுதி முடித்தான். சேமித்த கோப்பு சரியாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தான்.

; டாக்டர் சொன்னது எட்டு. பாப்பா அழுதா. ஆறு போதும்.

அதற்குக் கீழே:

; மாப்பிள்ளை, இடது 11. கேட்டா ஒன்பதுதான்னு சாதிப்பான். 11 போடு. அவனுக்குத் தெரிய வேணாம்.

ஒன்பது மில்லிமீட்டர்தான் குட்டை, பெரிதாக ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

“எல்லாம் வந்துடுச்சா மாப்பிள்ளை?” என்று அத்தான் உள்ளேயிருந்து கேட்டார்.

“வந்துடுச்சு அத்தான்,” என்றான். “நான் எதையும் படிக்கல.”