ஹோல்கூம் பாலத்து நாற்பது பேர்

ப்ரிஸ்டல் கோட்டை விழும் என்று டாம்சின் ஒரு மாதம் முன்பே சொன்னபோது தளபதி ஜெர்விஸ் ட்ரெம்லெட் சிரித்தார். கோட்டை விழுந்த செய்தி வந்த பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னருக்காக மூன்று வருடம் குதிரைப்படை நடத்தியவர் அவர். முகாமில் துணி துவைக்கும் அவள், முந்நூற்றைம்பது வருடம் கழித்துப் பிறக்கப்போகிறவள் என்பதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் காலம் கடந்து வந்த கலம் ஆற்றில் மூழ்கிவிட்டது. திரும்பிப் போக வழியில்லை.

"நாளைக்கு ஹோல்கூம் பாலத்துல மாட்டிக்குவீங்க, ஐயா. நீங்க பொழச்சுக்குவீங்க. படை மிஞ்சாது."

"யார் யார் சாவாங்க?"

"தெரியாது. எங்க காலத்துப் புத்தகத்துல உங்க பேரு மட்டுந்தான் இருக்கு. மத்தவங்க பேர யாரும் எழுதி வைக்கல."

ட்ரெம்லெட் நேரே சேனாதிபதியின் கூடாரத்துக்குப் போனார். பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று மன்றாடினார்.

"ஏன்? யார் சொன்னது?"

துணி துவைப்பவள் சொன்னாள் என்று எப்படிச் சொல்வது? "மனசுக்குச் சரியாப் படல, பிரபு."

"அந்த மனசுக்கு ஒரு பாவாடை கட்டி விடுங்க, ட்ரெம்லெட்!"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடிந்ததும் புறப்பட வேண்டும் என்று கட்டளை ஆயிற்று.

அவரால் முடிந்தது ஒன்றுதான். பிள்ளைகுட்டிக்காரர்களாகப் பார்த்து நாற்பது பேரைப் பொறுக்கினார். மலைக்கு அப்பாலிருந்து வைக்கோல் ஏற்றி வரச் சொன்னார்.

சார்ஜண்ட் பிக்கரலுக்கு முகம் சிவந்துவிட்டது. "சண்டையன்னைக்கு வைக்கோல் தூக்கவா? நாங்க என்ன தப்பு பண்ணோம்னு சொல்லிட்டு அனுப்புங்க."

"போய்யா. எதிர்த்துப் பேசாத."

பிக்கரல் வணங்காமலே குதிரையைத் திருப்பினான். ட்ரெம்லெட்டுக்கு அது வலித்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

காலையில் முன்வரிசை பாலத்தின் நடுவே வந்தபோது இரண்டு கரை ஆப்பிள் தோட்டங்களிலிருந்தும் துப்பாக்கிகள் வெடித்தன. குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ட்ரெம்லெட்டின் குதிரை அவர் காலை நசுக்கிக்கொண்டு விழுந்தது. அப்போதுதான் பின்னால் மேட்டில் ஊதுகொம்பு கேட்டது. பிக்கரலும் அந்த நாற்பது பேரும்! வெடிச்சத்தம் காதில் விழுந்ததும் வைக்கோல் வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"திரும்பிப் போங்கடா!" என்று அவர் கத்தினார், கையை வீசினார்.

"தளபதி கூப்பிடுறாரு, விடுங்கடா குதிரைய!" என்று பிக்கரலின் குரல் வந்தது.

அவர் கண்ணெதிரே அவர்கள் பாய்ந்து வந்தார்கள். பாலத்தின் பாதியைக்கூட யாரும் தாண்டவில்லை.

மத்தியானம் ட்ரெம்லெட்டையும் மற்றக் கைதிகளையும் ஒரே கயிற்றில் கட்டி ஒரு வேலியோரம் உட்கார வைத்தார்கள். டாம்சினும் அங்கே இருந்தாள்.

"இதுவும் உனக்குத் தெரியுமா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். "கடைசியில ஒரு துணைப்படை வந்து மாண்டுச்சுன்னு ஒரு வரி படிச்சிருக்கேன், ஐயா. அது இவங்கதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

எதிரிப்படைச் சிப்பாய் ஒருவன் குனிந்து ட்ரெம்லெட்டின் பூட்ஸைப் பிடித்து இழுத்தான்.

"இனிமே இது உனக்கு எதுக்கு, பிரபுவே?"

வீங்கிய காலை அவரே நீட்டிக் கொடுத்தார். பிறகு கயிற்றை இழுத்தார்கள். வெறுங்காலோடு, சேற்றில், நொண்டி நொண்டி நடந்தார்.