சீட்டு இல்லாத பை

மகள் இறந்து, ஒரு மழைக்காலமும் முடிந்த பிறகுதான் அந்தப் போன் வந்தது. பேசியவர் ஊர்த் தொல்லியல் கழகத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற பூகோள டீச்சர்.

"உங்க பொண்ணு தோண்டின குழியிலேர்ந்து வந்த பானை ஓட்டுப் பைங்க இன்னும் கழுவாமலே கிடக்குங்க ஐயா. வர்ற ஞாயித்துக்கிழமை எடுக்கலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. எல்லாப் பை மேலயும் அவ கையெழுத்து இருக்கு."

பெண்ணின் அப்பா பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் கடைசி இருக்கை வரை கேட்கக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிறு வந்தால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கழகத்தார் அனுமதி வாங்கி அங்கே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். "மண்ணைத் தோண்டறதுக்கு எவன்டி சம்பளம் குடுக்கறான்?" என்று அம்மா கேட்பாள். "ஒருத்தனும் குடுக்கலைம்மா, அதான் நிம்மதியாத் தோண்டறேன்" என்பாள் மகள்.

காய்ச்சல் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே வாரத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா கீழே, மகள் மாடியில். கண்டக்டர் படியேறி இறங்கியே ஓய்ந்துபோனார். மகளின் மூச்சு நின்றபோது அம்மா நினைவில்லாமல் பிதற்றிக்கொண்டிருந்தாள். அவள் கண் விழித்து "பாப்பா எங்கே?" என்று கேட்ட அன்று அடக்கமெல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு அவள் மகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பால் வந்துவிட்டதா, மோட்டார் போட்டாயிற்றா என்று பேசிக்கொண்டார்கள்.

கழகத்தின் அறை நூலகத்தின் மாடியில் இருந்தது. சுவரை ஒட்டி அட்டைப் பெட்டிகள், தரையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டிகள், ஜன்னலோரம் அடியில் கம்பி வலை அடித்த மரத் தட்டுகள். ஒரு டப்பா நிறைய பழைய பல் துலக்கும் பிரஷ்கள். அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர் பல் டாக்டர், கழகத்தின் உறுப்பினர். "இங்க பானை ஓட்டுக்கு இருக்கிற மரியாதை என் கிளினிக்ல எவன் பல்லுக்கும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டருக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

மகள் அங்கே விட்டுப்போயிருந்த தொப்பியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடத்தான் கண்டக்டர் வந்திருந்தார். பைகளின் மேலிருந்த குண்டு குண்டான கையெழுத்தைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் கழுவலாங்களா?" என்றார்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு பைதான் பிரிக்க வேண்டும். முதலில் விரலால் மண்ணைக் கரைத்து, பிறகுதான் பிரஷ். உடைந்த ஓரத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்ந்துபோனால் பக்கத்துத் துண்டோடு பொருந்தாது. எலும்பைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. இரும்புத் துண்டு வந்தால் தண்ணீரே காட்டக் கூடாது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டு பைக்குள் இருக்கும். பையிலிருந்து தட்டு வரை அது கூடவே போக வேண்டும்.

"பானை ஓட்டை விடச் சீட்டுதாங்க முக்கியம்" என்றார் டீச்சர்.

"புரியுதுங்க. டிக்கெட் இல்லைன்னா விசில் அடிச்சு இறக்கி விட்டுட வேண்டியதுதான்."

அறையே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். உடனே, செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே ஒரு தப்பும் நடந்தது. ஒரு துண்டின் உள்பக்கம் கருப்பாக அப்பியிருந்தது. விடாமல் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லீங்க ஐயா. எதையோ சமைச்சு அடி பிடிச்சிருக்கு. இருந்திருந்தா என்ன சமைச்சாங்கன்னு பாத்திருக்கலாம்."

"போச்சா?"

"போச்சுங்க. எங்க ஒவ்வொருத்தர் கையிலயும் இப்படி ஒண்ணு போயிருக்கு."

வீட்டுக்கு வந்தபோது மனைவி அவருடைய நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டே, "இந்த வீட்டுல ஒரு டம்ளர் கழுவினதில்லை. செத்தவங்க வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போயாச்சு" என்றாள். 

ஆனாலும் ஞாயிறுதோறும் போனார். பைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. குறையக் குறைய, வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினார். கடைசியாகச் சுவர் மூலையில் இருந்த பையை எடுத்தபோதுதான் தெரிந்தது. மழையில் கூரை ஒழுகி அந்த மூலையில் தண்ணீர் நின்றிருக்கிறது. பை மேல் மை கரைந்து நீலத் திட்டாகக் கிடந்தது. உள்ளே இருந்த சீட்டு கூழாகிப் பிசுபிசுத்தது.

டீச்சர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

"இதைச் சேர்க்க முடியாதுங்க ஐயா."

"அவ எடுத்ததுதாங்க. பக்கத்துல இருந்ததெல்லாம் அவளோடதுதானே?"

"எடுத்தது அவதான், சந்தேகமே இல்லை. எந்த ஆழத்துல எடுத்தா? மேல் மண்ணா, அடி மண்ணா? அது தெரியாம மத்ததோட சேர்த்தா, மத்ததும் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்."

"டீச்சர், வேணாம்னு சொல்லாதீங்க. உங்களைக் கேட்டுக்கறேன்."

டிக்கெட் இல்லாமல் ஏறிய எத்தனையோ பேர் அவரிடம் இதே குரலில் கெஞ்சியிருக்கிறார்கள். தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவருக்கே கூசியது.

பல் டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போன வருஷம் என் பை ஒண்ணுல சீட்டு வைக்க மறந்துட்டேன். அதைத் தூக்கிப் போடச் சொன்னதே உங்க பொண்ணுதாங்க. கெஞ்சிப் பாத்தேன், அசையலை. அன்னிக்குதான் அவளுக்குத் தராசுன்னு பேர் வச்சேன். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

தன் மகளுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது கண்டக்டருக்குத் தெரியாது.

நிலத்துக்காரர் உழ வேண்டும் என்கிறார், அடுத்த ஞாயிறு குழியை மூடப்போகிறோம், சீட்டில்லாததெல்லாம் அந்த மண்ணோடு திரும்பப் போய்விடும் என்றார் டீச்சர். "அதுவரைக்கும் என் வீட்டுல இருக்கட்டுங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். அப்படிக் கொடுத்தனுப்புவது வழக்கமில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மறக்காம கொண்டு வந்துடுங்க" என்றார். கண்டக்டர் தலையாட்டினார். கொண்டுவரும் எண்ணம் அவருக்கு இல்லை.

சமையலறை மேடையில் பையை வைத்ததும் மனைவி கேட்டாள்.

"என்ன இது?"

"பாப்பா எடுத்தது."

அந்த வார்த்தை வீட்டுக்குள் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.  அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓடுகளைக் கொட்டிக் குழாயை மெல்லத் திறந்தாள்.

"உள்பக்கம் கருப்பா இருந்தா தேய்க்காதே."

"அடி பிடிச்சதைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

பழைய துண்டை விரித்து அதன் மேல் பரப்பினாள். இரண்டு ஓடுகளை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பொருந்தின. அகன்ற வாய்ப் பானையின் விளிம்பு. விளிம்பின் கீழே யாரோ கட்டை விரலால் வரிசையாக அழுத்திய பள்ளங்கள். அவள் அவற்றில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"குழிக்குள்ள எப்படி உக்காந்திருப்பா? குத்துக்காலிட்டா?"

"தெரியலைம்மா. நான் ஒரு நாளும் போய்ப் பாக்கலை."

தராசு என்ற பெயரையும் பல் டாக்டரின் பையையும் பற்றி அவர் சொன்னார். அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அவ அப்படித்தான். சொந்தத் தாய்மாமன் போய்க் கேட்டதுக்கே, டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை குடுக்க மாட்டேன்னுட்டாளே." ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இதை நாம வச்சுக்கக் கூடாதுங்க."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"அவளுக்குப் பிடிக்காது."

"எனக்குன்னு வேற என்னடி மிச்சம் இருக்கு?" கத்திவிட்டார்.

அவள் கத்தவில்லை. "நீங்க முகத்தையாவது பாத்தீங்க" என்றாள்.

 விரித்த துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்து அவளே முடிந்து வைத்தாள்.

ஞாயிறு காலையில் அவருக்கு முன்பே புறப்பட்டு வாசலில் நின்றாள். மேட்டில் கழகத்தார் தார்ப்பாயை விலக்கியிருந்தார்கள். சதுரமான குழி; சுவர் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இறங்கியது. மண் வெட்டுகிற இருவர் ஓரமாக நின்றார்கள்.

"நான் இறங்கலாமா?" என்றாள் டீச்சரிடம்.

பல் டாக்டர் ஏணி வைத்துக் கைகொடுத்தார். அவள் இறங்கி, குழியின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்து ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். பொருந்திய இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள். டீச்சர் மேலிருந்து இந்த வருடத்து நாணயம் ஒன்றைக் கொடுத்தார். "பின்னாடி யாராவது தோண்டினா, இந்த ஆழம் வரைக்கும் நாங்க தோண்டிட்டுப் போயிட்டோம்னு தெரியணும். அதுக்குத்தாம்மா." அவள் அதை வாங்கி ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஏறிவர நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் கூடை மண் சரிந்தபோது அவள் கணவரின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போடச் சொல்லுங்க."

அவர் சொன்னார். வேலையாட்கள் கூடையைத் தாழ்த்திப் பிடித்து மெல்லக் கொட்டினார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் போட்டாங்களா?"

"ஆமாம்மா."

"மழையா?"

"இல்லை. நல்ல வெயில்."

"என்ன உடுத்தியிருந்தா?"

"அந்தப் பச்சை. நீ தைச்சுக் குடுத்தது."

அவள் தலையசைத்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "யார் யார் வந்தாங்க?"

அவர் சொல்லத் தொடங்கினார். மருந்துக்கடை முதலாளி வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். உன் தம்பி விடிவதற்குள் வந்துவிட்டான், அவன்தான் தலைமாட்டில் நின்றான். அவள் இடையிடையே கேட்டாள். அவர் எதையும் விடாமல் சொன்னார். மண் மேலேறி நிலத்தோடு நிலமாகி, வேலையாட்கள் மிதித்துச் சமன்படுத்திய பிறகும் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.