நாணல் ஓரத்துச் சேறு

"அந்த மூலைக்குப் படகு போகாதா?" என்று கேட்டாள், ஏரிச் சேற்றை எடுக்க வந்த ஆய்வுக்கூடத்து அக்கா.

"அங்க பாறைக்கா. அடி தட்டும்."

பாறை எதுவும் இல்லை. எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர் அந்த மூலையில்தான் இறங்குகிறது. ஊரே குடிக்கிற ஏரி ஏன் பச்சை பிடித்து நாறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவள் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து படகு ஓட்டுவது என் வேலை. துடுப்பு என் கையில் இருந்தது.

எதிர்க்கரைக்கு, கீரை மாமாவின் தோட்டத்துக்கு முன்னால் நாணல் அடர்ந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அழுக்கே கிடைக்காது, யாருக்கும் பாதகமில்லை என்று நினைத்தேன்.

நீளக் குழாயை அடிவரை இறக்கி மேலே இழுத்தாள். உள்ளே சேறு மை மாதிரி கறுத்திருந்தது.

"தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கேக்கா?"

"நாணல் அலையை அடக்கிடும். கலங்கலெல்லாம் இங்க வந்து உக்காந்துடும். வெயில் ஏறினா இந்தச் சேத்துல இருக்கற உரமே திரும்பத் தண்ணில கலக்கும், பாசி பிடிக்கும்." கரையைப் பார்த்தாள். "இது யார் தோட்டம்?"

சொன்னேன். மற்ற குழாய்களும் அந்தக் கரையோரமே நிரம்பின.

வீட்டில் சொன்னபோது அப்பா, "கெட்டிக்காரி" என்று என் தலையைத் தட்டினார்.

சேற்றில் உரம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்ததும், கரையோரப் பாத்திகளை அழித்துவிடச் சொல்லி மாமாவுக்கு உத்தரவு வந்தது. அவர் தோட்டத்தில் பாதி அதுதான். மறுநாள் கொட்டகைக்கு வந்தார். முற்றிய கீரைத்தண்டை எங்கள் கன்றுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். அன்றும் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அப்பா குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னடா, மாட்டைக் குளிப்பாட்டுறியா, நீ குளிக்கிறியா?"

அப்பா சிரித்தார். நான் கட்டை வாங்கிக் கன்றுக்கு முன்னால் போட்டேன்.

"உரம் போடலன்னு சொல்லமாட்டேன்" என்றார் மாமா. "ஏரியையே நாறடிக்கிற அளவுக்கு எங்கிட்ட ஏதுடா கீரை? நாளைக்கு அந்தப் பொண்ணை மறுபடி வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன். எல்லா மூலையிலயும் எடுத்துப் பாக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஏதோ ஒரு மூலைல பாறைன்னாளே. எனக்குத் தெரியாம எப்பம்மா முளைச்சுது?"

அப்பா என்னையே பார்த்தார். தண்டுக் கட்டில் இன்னும் ஈர மண் ஒட்டியிருந்தது. கன்று அதை இழுக்கத் தொடங்கிவிட்டது.

"பாறை இல்ல மாமா" என்றேன். "படகு போகும். நானே ஓட்டுறேன்."

அப்பா குழாயை மூடினார். சாணித் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைகளை வேட்டியில் துடைத்தார். என்னையும் மாமாவையும் கடந்து வெளியே போனார்.