ஒரே கரண்டியில் இரண்டு மருந்து

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களை ரிப்பேர் செய்வது என் தொழில். அரை கிராம் தப்பாகக் காட்டினாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கிறுக்குப் புத்தியால்தான் மகளுக்கு மாத்திரை கொடுக்கும் வேலையை மனைவியிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மகளுக்கு ஒன்பது மாதம். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். தூக்கினால் உடம்பு நிமிராமல் தோளில் அப்படியே சரிவாள். அதனால் வீட்டில் அவள் பெயர் பஞ்சு. இரண்டாம் மாதமே தைராய்டு குறைவு என்று தெரிந்துவிட்டது.

"இந்தக் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வர்றதுதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா மூளையும் நரம்பும் வளர்ற நேரம் இது. ஹார்மோன் குறையக் கூடாது. இப்ப விட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்."

பிறவியை நான் மாற்ற முடியாது. இது ஒன்றாவது என் கையில் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில் அரை மாத்திரை. நகைக்கடைத் தராசு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து இரண்டு பாதியும் சமமா என்று நிறுத்துப் பார்ப்பேன். "மருந்து குடுக்கறீங்களா, தங்கம் விக்கறீங்களா?" என்பாள் மனைவி.

ஆறாம் மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். பஞ்சுவுக்கு அதன் ருசி ஆகவில்லை. துப்பினாள், மூச்சடைக்க அழுதாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை அவளை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை. மாத்திரைப் பொடியிலேயே சொட்டு மருந்தையும் கலந்துவிட்டேன்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"வயித்துக்குள்ள போய் எல்லாம் ஒண்ணாத்தானே சேரப்போகுது?"

அவள் விட்டுவிட்டாள்.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"ஒரு நாள்கூட இல்ல, டாக்டர்."

"எப்படிக் குடுக்கறீங்க? செஞ்சு காட்டுங்க."

பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தேன். நிதானமாக, கொஞ்சம் கர்வமாகவும்தான் செய்து காட்டினேன். பொடித்தேன், தண்ணீர் விட்டேன். இரும்பு மருந்து பாட்டிலைத் திறந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் சேர்த்தா?"

"ஆமா."

"இரும்பு இந்த மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. நாலு மணி நேரமாவது தள்ளிக் குடுக்கணும். சொட்டு மருந்து குடுத்தவங்களும் சொல்லலையா?" தலையை ஆட்டிக்கொண்டார். "எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

மனைவி தரைப்பாயில் பஞ்சுவை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்ததும் பஞ்சு மெல்லச் சாய்ந்து விழுந்தாள்.

"டாக்டர், இவ இன்னும் உட்காராதது பிறவியாலயா, என்னாலயா?"

"இந்தக் குழந்தைங்க லேட்டாத்தான் உட்காருவாங்க. அதுல அந்த மூணு மாசத்தோட பங்கு எவ்வளவுன்னு சொல்றதுக்கு எந்த டெஸ்டும் கிடையாதுங்க. இனிமே பிரிச்சுக் குடுங்க. அடுத்த மாசம் ரத்தம் பார்ப்போம்."

பஸ் நிறுத்தம் வரை மனைவி வாயே திறக்கவில்லை. பால் வாங்க மறந்தாலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டுகிறவள் அவள்.

"ஏதாவது திட்டேன்" என்றேன்.

"திட்டி என்ன ஆகப்போகுது? நானும்தான் சும்மா விட்டேன்." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இனிமே இவ நடக்க லேட்டானாலும், பேச லேட்டானாலும், நான் உங்களைத்தான் பார்ப்பேன். பார்க்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். முடியுமான்னு தெரியல."

அவள் தோளிலிருந்து பஞ்சு என் பக்கம் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

வாங்கிக்கொள்ளட்டுமா என்று மனைவியைக் கேட்டேன்.