எட்ட நின்று போட்ட கோடு

அந்த இரும்புப் பாலத்துக்கு நூற்றிருபது வயது. அதைப் பரிசோதிக்கிறவருக்கு ஐம்பத்தாறு. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ரிவிட் ஆணியையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. கணீரென்றால் இறுகியிருக்கிறது, பொத்தென்றால் தளர்ந்துவிட்டது. தட்டியதற்கு அடையாளம் ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டைக் கீழேயிருந்து பார்த்துத்தான் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்த அதிகாரி பாலத்தில் ஏறியதே இல்லை.

இந்த முறை கடைசி மூலையில் குளவி கூடு கட்டியிருந்தது. மனிதர் வீட்டில் புலி, குளவிக்கு முன்னால் எலி. சாக்பீஸைக் குச்சி நுனியில் கட்டி, அந்த மூலையின் முப்பத்திரண்டு ஆணிக்கும் தட்டாமல் எட்ட நின்றே கோடு இழுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தங்கை புருஷன் பால் லாரி ஓட்டுகிறவன். பாரம் ஏற்றினால் பாலத்தை நம்பாமல் முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போகிறவன். பாலம் பார்த்தாச்சா என்று அவன் கேட்க, இவர் வாய் கூசாமல் தைரியமாகப் போகச் சொன்னார். மறுநாளிலிருந்து அவன் நேர்வழியில் போனான். இவருக்குச் சோறு இறங்கவில்லை. தூரத்தில் லாரி சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். தங்கை வீட்டுக்கு வந்தால் முகம் பார்க்க வெட்கப்பட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாலத்தில் ஏறினார். நெற்றியையும் உதட்டையும் குளவிகள் பதம் பார்த்தன. விடவில்லை. முப்பத்திரண்டும் கணீர். இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இறங்கி வரும்போது லாரி வந்து நின்றது. வீங்கிய முகத்தைப் பார்த்து மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். போன வாரமே முடித்த வேலைக்கு மறுபடி ஏன் ஏறினீர்கள் என்று கேட்டான். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பாலம்தான் நன்றாக இருக்கிறதே. ஆனால் அவருக்குப் பொய் வரவில்லை.

"அந்த மூலையை அன்னைக்கு நான் தட்டவே இல்ல மாப்ளே. கோடு மட்டும்தான் போட்டேன்."

சிரிப்பு நின்றது.

"நேத்து உங்க தங்கச்சியும் பாப்பாவும் இந்த வண்டியிலதான் வந்தாங்க, மச்சான்."

"இப்ப தட்டிட்டேன். எல்லாம் கெட்டியா இருக்கு. தாராளமா போகலாம்."

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான். லாரியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி, சுற்றுப்பாதையில் போனான்.