ஒரு சொட்டு அமீன்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மகா மேதை. நான் எதைக் கண்டுபிடித்தாலும் அது தனக்கு முன்பே தெரியும் என்பார். நான் கண்டுபிடித்த பிறகுதான் சொல்வார். அந்த மேதைமைக்குப் போட்டிக் கம்பெனி சம்பளம் போட்டு, என் காப்புரிமையை ரத்து செய்யும் வழக்கில் நிபுணராக உட்கார வைத்திருந்தது.

வழக்கு, கம்ப்யூட்டர் சிப் செய்யும் தகட்டில் தடவுகிற பூச்சைப் பற்றியது. வெளிச்சம் பட்ட இடத்தில் அதில் அமிலம் ஊறும். அந்த அமிலத்தால்தான் தகட்டில் கோடுகள் விழும். அமீன் என்றொரு நாற்றச் சரக்கு உண்டு, அதன் ஆவி பட்டாலே அமிலம் செத்துவிடும். தலைச்சாயத்திலும் அது இருக்கும் என்று, சாயம் பூசி வந்தவனைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற தொழில் எங்களுடையது. அந்தப் பரம விரோதியை நான் ஒரு சொட்டு பூச்சுக்குள்ளேயே கலந்தேன். அமிலம் பக்கத்தில் பரவாமல் அடங்கியது, கோடு கூர்மையானது. அப்போது எங்கள் ஆய்வகத்தில் இருந்த மச்சான், "உங்களுக்கென்ன கிறுக்கா மாப்பிள்ளை?" என்று கத்தியதற்குச் சாட்சி நான் மட்டும்தான்.

தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது என்பது சட்டம். காப்புரிமை போனால் ஆய்வகத்தை இழுத்து மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"இது எங்க தொழில்ல கத்துக்குட்டிக்கும் தோணுங்க ஐயா," என்றார் மச்சான், காப்புரிமை அலுவலகத்தில் வழக்கை விசாரித்த அதிகாரியிடம். "அமிலம் பரவுதா, கொஞ்சம் அமீனைப் போடு. அவ்வளவுதான். இதைப் போய் மாப்பிள்ளை கண்டுபிடிப்புன்னு..." என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

போட்டிக் கம்பெனி வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படி ஒண்ணும் அபூர்வமான சரக்கு இல்லைங்க," என்று பையிலிருந்து ஓர் அமீன் குப்பியை எடுத்து, அதிகாரியின் மேஜையில் வைத்து மூடியைத் திருகினார். அழுகிய மீன் நாற்றம் அறையெங்கும் பரவியது.

"மூடு! மூடித் தொலைய்யா! பூச்சு மொத்தமும் போச்சு!"

நாற்காலி பின்னால் சாய, மச்சான் பாய்ந்து குப்பியைப் பிடுங்கினார்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜையைப் பார்த்தார். கோப்புகளும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான் இருந்தன.

"பூச்சு எங்கே இருக்கு?"

மச்சானும் மேஜையைப் பார்த்தார்.

"வாடைக்கே இந்தப் பாடு படுறீங்க. இதை உள்ளேயே கலக்கணும்னு கத்துக்குட்டிக்குத் தோணுமா?"

"தோணாதுங்க," என்றார் மச்சான். குரல் பாவமாக இருந்தது.

குப்பி அவர் கையில்தான் இருந்தது. அதன் மூடியை இறுக்கிக்கொண்டிருந்த கை என்னுடையது. நான் எப்போது எழுந்து ஓடினேன் என்று எனக்கே தெரியாது.